செவ்வந்தியின் மஞ்சள் கிளை: டார்வின் கூறிய காரணம் பற்றி ஓர் ஆராய்ச்சி

செவ்வந்தியில் நூதன வகை ஒன்று தோன்றுவதற்கு விதை ஒரு வழி, மொட்டுத் திரிபு மற்றொரு வழி என்பதும், 1789ஆம் ஆண்டில் மார்செய் நகர வணிகர் பிளங்கார் சீனத்திலிருந்து கொணர்ந்த மூன்று செடிகளுள் ஊதா நிறத்தது ஒன்றே உயிர் பிழைத்து ஐரோப்பியத் தோட்டங்களுக்கு முதற்செடியாக அமைந்தது என்பதும் வாசகர் அறிந்தவையே. விதைவழியின் சரித்திரம் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கிறது. தூலூஸ் நகரத்துக் காப்டன் பெர்னே ஐரோப்பாவில் முதன்முதலாக விதையிலிருந்து புதுச் செடிகளை எழுப்பியது 1826இலா 1827இலா என்பதில் மட்டும் நூல்கள் வேறுபடுகின்றன. அதனால் வரலாறு மாறிவிடப் போவதில்லை. மொட்டுத் திரிபின் சரித்திரமோ அப்படியன்று. அதன்மேல் ஒரு பெரியாருடைய அபிப்பிராயம் நூறாண்டுக்கு மேலாகக் கவிந்து கிடக்கிறது.

சார்லஸ் டார்வின், வளர்ப்பு விலங்குகளும் செடிகளும் அடையும் மாறுதல்களைப் பற்றி 1868இல் வெளியிட்ட பெருநூலின் பதினோராம் அதிகாரத்தில், செவ்வந்தியைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருக்கிறார். அவருக்குச் செய்தி கொடுத்தவர் ஜான் சால்ட்டர். வெர்சாயில் பல ஆண்டுகள் தோட்டம் நடத்தி, 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இங்கிலாந்து திரும்பி ஹாமர்ஸ்மித்தில் செவ்வந்தி வளர்த்து, 1865இல் அப்பூவைப் பற்றி ஒரு நூலும் இயற்றியவர். எந்த வகையிலும் மிகுதியாகக் காணப்படும் திரிபு மஞ்சள் பூப் பூக்கும் கிளையே என்று சால்ட்டர் தெரிவிக்க, மஞ்சளே அச்செடியின் பூர்விக வர்ணமாதலால் இத்திரிபுகளை மூதாதையரின் தன்மைக்கு மீளுதல் என்று கொள்ளலாம் என டார்வின் காரணம் கற்பித்தார். கொள்ளலாம் என்றுதான் அவர் எழுதினார். பின்வந்தோர் அதைத் தீர்ப்பாகவே கொண்டனர்.

இக்காரணம் பொருந்தாது என்பதற்கு முதற்பிரமாணம் டார்வினுடைய பக்கத்திலேயே இருக்கிறது. மஞ்சள் கிளை விட்ட ஏழு வெவ்வேறு நிறச் செவ்வந்திகளைச் சால்ட்டர் அவருக்குப் பட்டியலிட்டுக் கொடுத்தார். அவற்றுள் மூன்று மஞ்சளுக்கு மட்டுமன்றி வேறு நிறங்களுக்கும் மாறின. பூர்விகத்தை நோக்கி இழுக்கும் சக்தி ஒன்று செடிக்குள் இருந்து வேலை செய்ததாயின், அதே செடி அயல் நிறத்தை நோக்கியும் ஏன் சென்றது? இம்மூன்றையும் டார்வின் மறைக்கவில்லை. அவருடைய நேர்மைக்கு அது சான்று. ஆனால் அவற்றுக்கு அவர் காரணமும் கூறவில்லை.

மேலும், செவ்வந்திக்குப் பூர்விக வர்ணம் ஒன்றே என்பதும் ஐயத்துக்குரியது. பல காட்டினங்களின் கலப்பால் தோட்டச் செவ்வந்தி உண்டாயிற்று என்பதே இன்று பெரும்பாலோர் கொள்கை. அக்காட்டினங்களுள் மஞ்சள் பூப்பதும் உண்டு, வெண்மலர் பூப்பதும் உண்டு. இதழின் நிறமோ இரு பொருள்களின் கூட்டுறவு. ஆந்தோசயனின் ரோஜா நிறத்தையும் ஊதாவையும் தரும். கரோட்டினாய்டு மஞ்சளைத் தரும். இரண்டும் ஓரிதழில் கூடினால் செம்பழுப்போ வெளிறிய காவியோ தோன்றும். வெள்ளைச் செவ்வந்தியின் இதழ் மஞ்சளை உண்டாக்காமல் இருப்பதில்லை, உண்டாக்கியதை ஒரு நொதியால் சிதைத்துவிடுகிறது என்பதை ஜப்பானில் ஓமியா முதலியோர் 2006இல் நிறுவினர். அந்நொதிக்குரிய மரபணுவை அடக்கியபோது ‘ஜிம்பா’ என்னும் வெண்செவ்வந்தி மஞ்சளாகப் பூத்தது. ஆகவே வெள்ளையிலிருந்து மஞ்சள் வருவது ஒரு நொதியின் இழப்பு. செம்பழுப்பிலிருந்து மஞ்சள் வருவது செந்நிறத்தின் இழப்பு. வெவ்வேறான இவ்விரு நிகழ்ச்சிகளையும் மீளுதல் என்னும் ஒரே சொல்லில் அடக்குவது எப்படித் தகும்?

இனி, அதே பக்கத்தில் உள்ளதும், என் கருத்தில் மற்றெல்லாவற்றினும் விலையுயர்ந்ததுமான ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம். சீனத்திலிருந்து முதலில் வந்த வகைகள் அளவின்றி நிலைமாறுவனவாய் இருந்தன என்றும், ஒரே செடி ஓராண்டு வெளிறிய காவி நிறமாகவும் மறு ஆண்டு ரோஜா நிறமாகவும் பூத்து, பின்னர் மீண்டும் மாறியும், சில வேளை இரு நிறங்களையும் ஒருங்கே காட்டியும் நின்றது என்றும், அத்தகைய செடிகள் யாவும் மறைந்துவிட்டன என்றும் டார்வின் எழுதுகிறார். எந்த ஆண்டில் மறைந்தன என்பது அங்கே இல்லை. 1789க்குப் பின், 1868க்கு முன் என்பதற்குமேல் அக்குறிப்பைக் கொண்டு வரையறுப்பதற்கில்லை.

இம்மாற்றத்துக்குப் பருவத்தின் வெம்மையே காரணம் என்று சொல்லத் தோன்றும். வெப்பம் மிகுந்தால் செவ்வந்தியின் ரோஜா நிறம் வெளுப்பது எல்லாரும் கண்டது. ஆனால் காவியிலிருந்து செந்நிறம் வெளுத்தால் எஞ்சுவது மஞ்சளேயன்றி ரோஜா அன்று. காவி ரோஜாவாக வேண்டுமாயின் மறைய வேண்டியது மஞ்சள். அதாவது, மஞ்சளைச் சிதைக்கும் நொதி மீண்டும் வர வேண்டும். இழந்த மரபணுவை ஒரு செடி ஓராண்டு பெற்று மறு ஆண்டு இழந்து பின்னும் பெறும் என்பது நம்பத்தக்கதன்று. எனவே அச்செடிகள் இருவகைத் திசுக்கள் அடுக்கடுக்காக அமைந்த கைமேராக்களாக இருந்திருக்க வேண்டும் என்பதே என் துணிபு. மேலடுக்கு ஒரு தன்மையும் உள்ளடுக்கு மற்றொரு தன்மையும் உடைய செடியில், ஆண்டுதோறும் அடியிலிருந்து எழும் பக்கக் கன்று எந்த அடுக்கிலிருந்து கிளைத்ததோ அதற்கேற்பப் பூ நிறம் கொள்ளும். இரண்டு கன்றுகள் ஒருங்கே எழுந்தால் இரு நிறமும் ஒருங்கே தோன்றும். செடிகளே அழிந்துவிட்டபடியால் இதை நேரே நிரூபிக்க இயலாதென்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார், காமாக் கதிரால் ஒரு பகுதி மட்டும் நிறம் மாறிய பூவின் இதழிலிருந்தே முழுச்செடியை வளர்த்து, மாறிய திசுவைத் தனி வகையாகப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஒரு பூவுக்குள் இரு செடிகள் உறைதல் கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

இவ்வாறு கொண்டால், சால்ட்டர் தோட்டக்காரர்க்குச் சொன்ன எச்சரிக்கையின் பொருளும் துலங்குகிறது. திரிந்த கிளையைப் பல மண்களில் வைத்துச் சோதித்த பிறகே நிலைத்த வகையென்று கொள்ள வேண்டும், செழுமையான எருமண்ணில் நட்டதும் பழைய நிறத்துக்கே ஓடிப்போனவை பல என்றார் அவர். சால்ட்டருக்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, 1104இல், சீனத்தின் லியூ மெங் தம் செவ்வந்தி நூலில், சிறுபூக் காட்டுச்செடியும் வளமான காய்கறிப் பாத்தியில் நட்டால் இனிய பெருமலராகலாம் என்றும், அவ்வாறே ஒற்றையடுக்குப் பூ பல்லடுக்காவதும் கூடும் என்றும் எழுதினார். ஒருவர் மண்ணைப் புதுமையின் தாய் என்றார். மற்றவர் அதையே புதுமையின் சோதனை என்றார். கைமேரா நோக்கில் சால்ட்டரின் கூற்றே வலிமையுடையது. கொழுத்து விரையும் வளர்ச்சியில் அடுக்குகள் இடம்பெயர்தல் எளிதாகலாம். லியூ மெங் கண்டது வளத்தால் ஒரு செடிக்கு நேர்ந்த பருமனையா, பிறவி மாற்றத்தையா என்பது அவருடைய வாக்கியத்தைக் கொண்டு தீர்மானிக்கத் தக்கதன்று.

ஏழு செடிகளின் பெயரையும் டார்வின் தம் நூலில் அச்சிடவில்லை. தொடக்க நிறம் இன்னதென்று அறியாமல் எது நொதியின் இழப்பு, எது செந்நிறத்தின் இழப்பு என்று பிரித்துரைக்கலாகாது. ஆதலின் மஞ்சளுக்கு மட்டுமே மாறிய நான்கின் வழக்கு நிலுவையில் நிற்கட்டும். வேறு நிறங்களுக்கும் மாறிய அம்மூன்றை மட்டுமேனும் மீளுதல் என்னும் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும்.