இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை

மகாவலிக் கரையிலுள்ள கம்பளை, 14ஆம் நூற்றாண்டில் மன்னர்களின் தலைநகர். 19ஆம் நூற்றாண்டிலோ அந்நியரின் கோப்பிக் காடு. இந்த மாற்றத்தின் வித்து, கடலோரத்துக் கறுவாவுக்காக ஐரோப்பியர் மூட்டிய போட்டியிலே கிடக்கின்றது.

1505இல் வந்த போர்த்துக்கேயர் கரையோரத்தைப் பிடித்தனர். கண்டி பணியவில்லை, 1638இல் கன்னொறுவையில் அவர்தம் படை அழிந்தது. அதே ஆண்டில் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தான். மீட்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்றது ஒரு பிரதி. மற்றதில் அந்நிபந்தனையே இல்லை! 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது அதன் கதவு மன்னனுக்குத் திறக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினோம் என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வர்.

1672இல் திருகோணமலைக்கு வந்த பிரெஞ்சுக்காரரை மன்னன் துணைக்கழைத்தான். ஒல்லாந்தர் அவர்களை விரட்டினர். 1796இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரை அகற்றினர். 1815இல் பிரதானிகளின் கையொப்பத்தால் கண்டியும் அவர்கள் வசமாயிற்று. 1817இல் எழுந்த மக்கள் கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது.

பின்னர் 1824 அளவில், கம்பளையை அடுத்த சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பி பயிரிட்டார். தோட்டங்கள் பெருகின, தமிழகத்து ஏழை உழவர் காடு கடந்து நடந்து வந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் வழித்தோன்றல்களின் குடியுரிமையை, நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் பறித்தது. அந்த அநீதிக்கு முடிவுகட்டும் சட்டம் வரவோ 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

எந்த ஐரோப்பியன் வென்றான் என்றே பாடநூல்கள் கேட்கின்றன. அந்த வெற்றியின் விலையை யார் கொடுத்தார் என்று நம் வகுப்பறைகள் கேட்கட்டும்.