தட்டில் இருந்தது என்ன? எம்.சி.எஃப்-7 செல்களும் மரபணு வெளிப்பாட்டு ஆய்வின் அரை நூற்றாண்டும்

மார்பகப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளில் கொஞ்சம் புழங்கியவர்களுக்கு ‘எம்.சி.எஃப்-7’ என்ற பெயர் பழக்கமானது. முதல் மூன்று எழுத்துகள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயங்கிய மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையைக் குறிக்கின்றன. 7 என்பது ஏழாவது முயற்சியின் எண் என்பார்கள். 1970இல், 69 வயதுக் கன்னியாஸ்திரி ஒருவரின் நுரையீரல் உறையில் கோத்திருந்த நீரை எடுத்து, அதிலிருந்த புற்றுச் செல்களை ஹெர்பர்ட் சோல் குழுவினர் வளர்த்தார்கள். செல்கள் சாகாமல் பெருகின. 1973இல் செய்தி அச்சேறியது.

கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்று அதிகம் வருவதை இத்தாலிய மருத்துவர் ராமசீனி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். மகப்பேறும் பாலூட்டலும் இல்லாத உடலில் மாதச் சுழற்சி இடைவெளியின்றித் தொடர்வதால் ஈஸ்ட்ரோஜனின் தாக்கம் கூடுகிறது என்பது பிற்கால விளக்கம். ஈஸ்ட்ரோஜன் ஆய்வுக்கே ஆதாரமான செல்கள் ஒரு மடத்துப் பெண்ணிடமிருந்து வந்தது தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மார்பகப் புற்றுச் செல்களை வளர்த்தது இதுவே முதல் முறையல்ல, பி.டி-20 என்ற செல் வரிசை 1958இலேயே வந்துவிட்டது. எம்.சி.எஃப்-7இன் தனிச்சிறப்பு, ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அதில் இருந்ததுதான். 1975இல் மார்க் லிப்மன் இச்செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது வளர்ச்சி கூடியது. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்தான டமோக்சிஃபென் கொடுத்தபோது அடங்கியது. மறுபடி ஈஸ்ட்ரோஜன் சேர்த்ததும் அடங்கியது எழுந்தது. நோயாளியின் உடலில் நடப்பதைத் தட்டில் வைத்துப் பார்க்க ஒரு வழி கிடைத்தது.

எந்த மரபணு விழித்துக்கொள்கிறது என்பது அடுத்த கேள்வி. ஓர் உடலின் செல்களிலெல்லாம் டி.என்.ஏ ஏறக்குறைய ஒன்றுதான். அதில் எந்தப் பகுதி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதுதான் செல்லின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் பியர் ஷாம்போன் குழுவினர் ஈஸ்ட்ரோஜன் பெற்ற செல்களின் ஆர்.என்.ஏ.வையும் பெறாதவற்றின் ஆர்.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, முன்னதில் மட்டும் பெருகும் ஒன்றை 1982இல் பிரித்தெடுத்து, பி.எஸ்2 எனப் பெயரிட்டனர். சில ஆண்டுகளில் அதன் புரதம் நலமான இரைப்பையின் உட்சுவரிலும் சுரப்பது தெரியவந்தது. புற்றுக்கே உரியது என்று எண்ணிய ஒன்று, தட்டுக்கு வெளியே போய்ப் பார்த்தபோது வேறொரு வேலையில் இருந்தது! 1986இல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுப் படியையே எம்.சி.எஃப்-7இலிருந்து இரு குழுக்கள் எடுத்தன.

அதே 1986இல் வந்த இன்னொரு கட்டுரைக்கு இவ்வரலாற்றில் உரிய இடம் தரப்படவில்லை என்பது என் எண்ணம். செல் வளர்க்கும் திரவம் சிவப்பாக இருக்கும். அதில் கலந்துள்ள ஃபீனால் ரெட் என்ற சாயம், அமிலம் ஏறினால் மஞ்சளாகும். காரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். திரவத்தை எப்போது மாற்றவேண்டும் என்பதைக் குடுவையைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். அதற்குமேல் அந்தச் சாயத்துக்கு வேலை எதுவும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. கட்சனெலன்போகன் குழுவினர் ஆராய்ந்தபோது, அந்தச் சாயமே பலவீனமான ஈஸ்ட்ரோஜனாகச் செயல்பட்டது. செல் பெருக்கத்தை இரு மடங்காகவும், ஈஸ்ட்ரோஜனால் தூண்டப்படும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை மூன்று மடங்காகவும் ஆக்கியது. சில ஆய்வுக்கூடங்களில் ஈஸ்ட்ரோஜன் சேர்த்தும் செல்கள் அசையாமல் இருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று: வயிறு நிறைந்தவனுக்குப் பந்தி வைத்த கதை. 1988இல் இன்னொரு திருப்பம். வேலையைக் காட்டியது சாயமல்ல, கடைச்சரக்கில் கலந்திருந்த மாசு. இன்று ஹார்மோன் சோதனைக்குச் சாயமில்லாத திரவமும், கரித்தூள் கொண்டு ஹார்மோன் நீக்கிய சீரமும் பயன்படுகின்றன. அதற்கு முந்தைய அளவீடுகளைப் படிக்கும்போது, ஒப்பீட்டுக்காக வைத்த தட்டிலும் கொஞ்சம் ஹார்மோன் இருந்தது என்ற நினைவு வேண்டும்.

1995இல் ஸ்டான்ஃபோர்டில் மைக்ரோஅரே பிறந்ததும், ஒன்றிரண்டு மரபணுக்களை அளந்த காலம் போய் ஆயிரக்கணக்கில் ஒரே வீச்சில் அளக்க முடிந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 60 செல் வரிசைகளில் ஏறத்தாழ 8,000 மரபணுக்களின் வெளிப்பாடு அளக்கப்பட்டது. பெரும்பாலான வரிசைகள் தாம் பிறந்த உறுப்புவாரியாகக் கூட்டம் சேர்ந்தன. எம்.டி.ஏ-எம்.பி-435 என்ற வரிசையோ இனம் மாறி நின்றது. மார்பகப் புற்று பரவுவதை ஆராயப் பல ஆண்டுகள் பயன்பட்ட அந்த வரிசை, மெலனோமா என்னும் தோல் புற்றுச் செல்களோடு போய்ச் சேர்ந்தது. மார்பகச் செல்லே இப்படித் தடம் மாறியிருக்கலாம் என வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் டி.என்.ஏ ஒப்பீடுகள் அதை எம்-14 என்ற மெலனோமா வரிசையோடு ஒன்றெனக் காட்டின. எங்கோ, எப்போதோ, ஒரு குடுவை இன்னொன்றோடு கலந்திருக்கிறது. அதை வைத்து எழுதிய கட்டுரைகளின் தலைப்புகளில் ‘மார்பக’ என்ற சொல் அப்படியேதான் நிற்கிறது.

அதே 2000ஆம் ஆண்டில் சார்லஸ் பெரூ குழுவினர் கட்டித் திசுக்களையே அளந்து, மார்பகப் புற்று ஒரே நோயல்ல என்று வகைப்படுத்தினார்கள். அந்த வகைகள் தட்டில் வளர்ந்த செல்களிலும் உண்டா? 2006இல் ஜோ கிரே குழுவினர் 51 மார்பகப் புற்றுச் செல் வரிசைகளைக் கட்டிகளோடு ஒப்பிட்டார்கள். லூமினல், பேசல் என்ற பெரும் பிரிவு இரண்டிலும் தெரிந்தது. ஆனால் கட்டிகளில் ஒன்றாகக் கிடந்த பேசல் வகை, தட்டில் ‘ஏ’, ‘பி’ என இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவு நோயினுடையதா, பல ஆண்டுகள் பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர்ந்த பழக்கத்தினுடையதா என்பதை அந்த ஒப்பீட்டைக்கொண்டு மட்டும் தீர்க்க முடியாது. கட்டியில் புற்றுச் செல்லைச் சுற்றி இரத்தக் குழாய், கொழுப்பு, நோய் எதிர்ப்புச் செல் என ஓர் ஊரே இருக்கிறது. தட்டில் அது தனிக்கட்டை.

இத்தனை எச்சரிக்கைக்கும் நடுவில், எம்.சி.எஃப்-7 என்றால் எங்கும் ஒரே எம்.சி.எஃப்-7 என்ற நம்பிக்கை மட்டும் பெரும்பாலும் கேள்வியின்றி நீடித்தது. 2018இல் டாட் கோலப் குழுவினர் அதன் 27 கிளைகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். மரபணு மாற்றங்களிலும் வெளிப்பாட்டிலும் அவை ஒன்றுக்கொன்று விலகியிருந்தன. 321 மருந்துப் பொருள்களை அவற்றின்மீது சோதித்தபோது, சில கிளைகளைப் பலமாக ஒடுக்கியவற்றில் குறைந்தது முக்கால் பங்கு வேறு சில கிளைகளிடம் ஒன்றும் செய்யவில்லை. கலப்பே இல்லாமலிருக்க ஒரே ஒரு செல்லிலிருந்து புதிதாகக் கூட்டங்களை வளர்த்தும் பார்த்தார்கள். அவையும் விரைவிலேயே தம்முள் வேறுபடத் தொடங்கின.