தேம்ஸ் நதி புகட்டிய பாடம்

வீட்டைத் தூய்மை செய்ய முயன்று ஆற்றைக் கெடுத்த வரலாறு இலண்டன் மாநகருக்கு உண்டு. நன்னோக்கத்துடன் வகுக்கப்பட்ட ஒரு கொள்கை எவ்வாறு தீங்காய் முடியும் என்பதை அவ்வரலாறு தெளிவாய் உணர்த்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகர வீடுகளின் மலம் பெரும்பாலும் குழிகளிலேயே தங்கியது. தொழிலாளர் இரவு வேளையில் அதனை அள்ளிச் சென்று கமக்காரருக்கு எருவாக விற்றனர். மழைநீருக்கென அமைந்த வடிகால்களில் மலத்தை விடுதல் ஆகாது என்றிருந்த தடை 1815 ஆம் ஆண்டில் நீங்கியது. நீரூற்றிக் கழுவும் மலசலகூடங்கள் பெருகவே, குழிகள் நிரம்பி வழிந்தன.

நோய்க்குக் காரணம் துர்நாற்றமே என்பது அக்காலத்தவர் நம்பிக்கை. சுகாதாரச் சீர்திருத்தத்தில் முன்னின்ற எட்வின் சட்விக்கும் அவ்வாறே கருதினார். எனவே, 1840களின் பிற்பகுதியில், குழிகளை ஒழித்து வீட்டுக் கழிவைப் பொது வடிகால்களில் சேர்க்குமாறு அதிகாரிகள் பணித்தனர். நாற்றம் வீட்டை விட்டு நீங்கியது. அழுக்கோ தேம்ஸ் நதியை அடைந்தது. நீர்க் கம்பனிகள் சில அந்நதியின் நீரையே எடுத்து வீடுகளுக்கு வழங்கின. 1848, 1849 ஆம் ஆண்டுகளில் பரவிய வாந்திபேதி இலண்டனில் 14,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது.

1854 இல் அந்நோய் மீண்டும் தோன்றியபோது, வைத்தியர் ஜோன் ஸ்னோ தென் இலண்டனில் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். அங்கே ஒரே தெருவின் வீடுகளுக்கு இரு கம்பனிகள் நீர் வழங்கின. ஒன்று, நகரின் அழுக்குச் சேராத மேற்பகுதியில் நீர் எடுத்தது. மற்றையது நகருக்குள்ளேயே எடுத்தது. பின்னையதன் நீரைப் பருகிய வீடுகளில் மரணம் பன்மடங்காயிருந்தது. எனினும், நீரே நோயைப் பரப்புகின்றது என்னும் அவர் கூற்றை அன்று பலர் ஏற்றிலர்.

1858 ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் நாற்றம் பாராளுமன்றத்துள்ளேயே புகுந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. நெடுநாள் தாமதித்த சபையினர் பதினெட்டு நாளிற் சட்டம் நிறைவேற்றினர். பொறியியலாளர் ஜோசப் பசால்கெற் 82 மைல் நீளமான பெருவடிகால்களைச் செங்கல்லாற் கட்டிக் கழிவை நகரின் கிழக்கே கொண்டுசென்றார். நகர் பெரும்பயன் எய்தியது. ஆயினும் அக்கழிவு சுத்திகரிக்கப்படாமலே, வற்றுப்பெருக்கு வேளையில் நதியில் விடப்பட்டது.

1878 இல் அக்கழிவு வாய்களுக்கு அண்மையில் 'பிரின்சஸ் அலிஸ்' என்னும் உல்லாசப் படகு மூழ்கி, அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விடத்து நீரின் அசுத்தம் அப்போது பெரும் பேச்சாயிற்று. பின்னரே இரசாயன முறையாற் சேற்றைப் பிரித்தெடுக்கத் தொடங்கினர். 1887 முதல் அச்சேற்றைக் கப்பலேற்றிக் கடலிற் கொட்டினர். அவ்வழக்கம் 1998 இலேயே நின்றது. மழைக்காலத்தில் பழைய வடிகால்கள் நிரம்பி நதியில் வழிவதைத் தடுக்க 25 கிலோமீற்றர் நீளமான சுரங்கமொன்று 2025 இல் முழுமையாக இணைக்கப்பட்டது.

குழியினின்று நதிக்கும், நதியினின்று கடலுக்கும் இடம் மாறியதேயன்றி அழுக்கு அழிந்திலது. வீட்டு வாயிலைக் கடந்த கழிவுநீர் எங்கே செல்கின்றது, அவ்விடத்தில் நீர் பருகுவோர் யாவர் என்னும் இரு வினாக்களையும் முதலிற் கேட்காத எந்தச் சுகாதாரத் திட்டமும் அயலவன் கிணற்றில் முடியும்.