கேட்க வந்தவரும் நூலகரும்

நூல்களைப் பூட்டிக் காப்பதே நூலகர் கடமையென நெடுங்காலம் கருதப்பட்டது. எழுத்தறிவு பெற்ற தொழிலாளர் நூலக வாசலை மிதித்தபோது அக்கருத்து ஆட்டங்கண்டது.

அமெரிக்காவின் வூஸ்ரர் நகரம் தொழிற்சாலைகள் மலிந்தது. 1871இல் அதன் பொது நூலகப் பொறுப்பை ஏற்றவர் சாமுவேல் கிறீன். கேள்வியோடு வரும் எளியவர்களுக்கு விடை எந்நூலில் உண்டெனத் தெரியாது, கேட்கவோ கூச்சம். 1876இல் பிலடெல்பியாவில் கூடிய நூலகர் மாநாட்டுக்கு அவர் அளித்த கட்டுரை இவர்களுக்காக வாதாடியது. வந்தவரை முகமலர்ந்து ஏற்கவேண்டும்; வாங்காமற் செல்லும் வாடிக்கையாளரைக் கண்டு கடைக்காரர் வருந்துவதுபோல், விடையின்றித் திரும்பும் வாசகரைக் கண்டு நூலகர் வருந்தவேண்டும் என்றார் அவர்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்குமாறு பணிக்கிறது. கூலியாளின் நேரமும் அதில் அடங்குமன்றோ? யாழ்ப்பாணப் பொது நூலக அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவரும் அவரே.

1981இல் அந்நூலகம் எரிக்கப்பட்டதை நாம் மறவோம். கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம், நூல்களையும் சேர்க்கலாம். கூசி நிற்பவரிடம் “என்ன தேடுகிறீர்கள்?” என்று கேட்பவர் அங்கிருந்தாலன்றி, அது மக்கள் நூலகமாகாது.