கட்டுரை வினாக்களுக்கு விடையளித்தல்

கட்டுரை வினா என்பது ஒரு பொருளைப் பத்திகளாக விரித்தெழுதக் கேட்கும் தேர்வு வினா. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் இது நெடுவினா எனப்படுகிறது. மொத்தம் 100 மதிப்பெண்ணில் 24, தலா 8 மதிப்பெண் கொண்ட மூன்று நெடுவினாக்களுக்கு உரியவை. இந்தியக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாள்களில் முதல் மூன்றும் முழுவதுமே இவ்வகைதான்: 250 மதிப்பெண்ணுக்கு 20 வினாக்கள், பாதியை 150 சொல்லிலும் மீதியை 250 சொல்லிலும் எழுத வேண்டும். இரண்டு தேர்விலும் ஒரு தாளுக்கு மூன்று மணி நேரம்.

அந்த நேரத்தை மதிப்பெண்ணால் வகுத்துக்கொள்வதே முதல் வேலை. பத்தாம் வகுப்பு நெடுவினா ஒன்றுக்கு ஏறத்தாழ 14 நிமிடம் கிடைக்கும். குடிமைப் பணித் தேர்வின் 15 மதிப்பெண் வினாவுக்கு 11 நிமிடம்கூட முழுதாக இல்லை. நன்றாகத் தெரிந்த வினாவில் கூடுதலாக ஐந்து நிமிடம் எழுதினால் மதிப்பெண் சற்றே கூடலாம். நேரமின்றி ஒரு வினாவை விட்டுவிட்டால் அதன் மதிப்பெண் முழுவதும் போகும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே 10 நிமிடம் தரப்படுகிறது. ‘அல்லது’ போட்டுக் கேட்ட வினாக்களில் எதை எழுதுவது என்று அதற்குள் தீர்மானித்துவிட வேண்டும். விவரி, ஒப்பிடுக, ஆராய்க என்பவை மூன்றும் மூன்று வேறு விடைகளைக் கேட்கின்றன. இதைக் கவனிக்காமல், மனப்பாடம் செய்த நோட்ஸை அப்படியே இறக்கிவைப்பதுதான் மிகப் பரவலான பிழை.

ஓர் எடுத்துக்காட்டு: ‘எண்ணூர்ப் பகுதியில் நேர்ந்த எண்ணெய்க் கசிவுகளின் காரணங்களையும் விளைவுகளையும் ஆராய்க.’ 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே கடலில் பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கருங்குழம்பாக ஒதுங்க, ஆட்கள் அதை வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. இவற்றை நடந்த வரிசையில் சொன்னால் அது விவரிப்பு மட்டுமே. எழுதுமுன் இரண்டு நிமிடம் குறிப்பெடுத்தால் வேறுபாடு கண்ணில் படும்: முதலாவது கடலிலிருந்து கரைக்கு வந்தது, இரண்டாவது ஊருக்குள்ளிருந்து கழிமுகத்துக்குப் போனது, முதலாவதற்குக் காரணம் கப்பல் விபத்து, இரண்டாவதற்கு ஆலைப் பகுதியின் எண்ணெய் வெள்ளத்தில் கலந்தது. பாதிப்பு இரண்டு முறையும் மீனவர் தலையில்தான் விழுந்தது. விடையின் பத்திகளை இதன்படியே பிரிக்கலாம். ஆறும் கால்வாயும் கழிமுகமும் காட்டும் சிறு கோட்டுப்படம் ஒன்று பல வரிகளை மிச்சப்படுத்தும்.

எண்ணூர்ப் பகுதியின் காட்டுக்குப்பத்திலோ திருவொற்றியூரிலோ வளர்ந்த மாணவர் எண்ணெய் படிந்த படகையும் வலையையும் நேரில் பார்த்திருக்கக்கூடும். கைடுகளில் கிடைக்காத அந்த அறிவைத் தேர்வுத்தாளில் எழுதப் பலர் தயங்குவது பேரிழப்பு. ‘பெரும் பாதிப்பு ஏற்பட்டது’ என்ற பொதுவான வரிக்குப் பயனில்லை. எந்த ஆண்டு, எந்தக் கரை, எது கெட்டது என்று எழுதும்போதுதான் அது சான்றாகிறது.

முன்னுரைக்கு இரண்டு மூன்று வரி போதும். வினாவுக்கான நேர் விடை அதிலேயே வந்துவிட வேண்டும். ஒவ்வொரு பத்தியின் கருத்தையும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், கட்டுக்கட்டாகத் தாள் திருத்துபவரின் கண்ணுக்கு அது தப்பாது. பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்தால் போதும்.

நேரம் தீரும் தறுவாயில் ஒரு வினா மிஞ்சினால், பத்திகளை விட்டு முக்கியக் கருத்துகளை மட்டும் வரிசையாக எழுதலாம். அதற்கும் ஓரளவு மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு. கடைசி ஐந்து நிமிடம் வினா எண்களைச் சரிபார்ப்பதற்கு உரியது. அடிஷனல் ஷீட் வாங்கியிருந்தால் அவற்றை வரிசை மாறாமல் விடைத்தாளோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.