வானம் யார் வீட்டுச் சொத்து?

நிலத்தைத் தானமாக வாரி வழங்கிய மன்னர்களின் கதை நமக்குப் புதிதல்ல. உழுதவன் ஒருவன், உண்டவன் வேறொருவன். இருவருக்கும் இடையிலே ஒரு செப்பேடு! பிரமதேயம் என்றனர், தேவதானம் என்றனர், இறையிலி என்றனர். பெயர்கள் பல, பொருள் ஒன்றே: பொதுச் சொத்து ஒரு சிலரின் கைக்கு விலையின்றிப் போய்ச் சேர்ந்தது. நிலத்துக்கு நேர்ந்த இந்தக் கதி வானத்துக்கும் நேர்ந்தது. அதுவும் முடியாட்சிக் காலத்திலே அல்ல, இருபதாம் நூற்றாண்டிலே, மக்களாட்சியின் தாயகம் என்று மார்தட்டிக்கொள்ளும் அமெரிக்க நாட்டிலே!

வானம் என்று நான் குறிப்பிடுவது, தேவர்கள் உலவுவதாகப் புராணிகர் புளுகிய வானத்தை அல்ல. வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஏறிச் செல்லும் மின்காந்த அலைகளை. கண்ணுக்குப் புலனாகாத அந்த அலைகளுக்கு ஓர் இயல்பு உண்டு. ஒரே ஊரில், ஒரே அலை எண்ணில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால், இருவர் குரலும் கெடும். எனவே எந்த அலையில் யார் பேசுவது என்று ஒருவர் வகுத்துத் தந்தாக வேண்டும். வகுப்பவர் யார்? எந்த முறையில் வகுப்பது? பெறுபவர் என்ன விலை தருவது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடி உலகம் நூறாண்டுக்கு மேல் அலைந்திருக்கிறது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கிற்று. அதே ஆண்டு அமெரிக்கா தன் முதல் வானொலி உரிமச் சட்டத்தை இயற்றியது. விண்ணப்பித்தவர்க்கு வணிகத்துறைச் செயலர் உரிமம் வழங்கவேண்டும், கட்டணம் கிடையாது. கப்பலும் கரையும் பேசிக்கொள்ளும் கருவியாக மட்டும் வானொலி இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. 1920 நவம்பரில் பிட்ஸ்பர்க் நகர நிலையம் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அதன் பின்னர் செய்தித்தாள் நடத்துவோரும் கடைக்காரரும் கல்லூரியினரும் ஆளுக்கொரு நிலையம் தொடங்கினர். அத்தனை பேருக்கும் முதலில் கிடைத்தது பெரும்பாலும் ஒரே அலை: 360 மீட்டர். காலையில் நீ, மாலையில் நான் என்று நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டனர். பங்கு போட மனமில்லாதோர் ஒருவர் மீது ஒருவர் கத்தினர்.

வணிகத்துறைச் செயலராக இருந்தவர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். 1922 முதல் 1925 வரை நான்கு மாநாடுகள் கூட்டி, அலைகளைப் பகிர்ந்து ஒழுங்கு செய்ய முயன்றார். ஆனால் 1926 இல், ஜெனித் என்ற நிறுவனம் தொடர்புடைய வழக்கில், செயலருக்கு அலையை ஒதுக்கும் அதிகாரமே சட்டத்தில் இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடுப்பார் இல்லை என்றானதும் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 புதிய நிலையங்கள் முளைத்தன. கேட்பவர் காதில் விழுந்தது பாட்டுமல்ல, பேச்சுமல்ல, வெறும் இரைச்சல்.

இந்தக் குழப்பத்தின் நடுவே சிகாகோவில் ஒரு வழக்கு நடந்தது. 'ட்ரிப்யூன்' ஏட்டின் நிலையம் பழகி வந்த அலைக்கு அருகே மற்றொரு நிலையம் வந்து இடையூறு செய்ததாம். முன்னரே பயன்படுத்தி வந்தவருக்கே முன்னுரிமை என்று 1926 இறுதியில் நீதிமன்றம் கூறிற்று. முதலில் வேலி போட்டவனுக்கே காடு என்பது போன்ற தீர்ப்பு! இது நிலைத்துவிட்டால் வானம் தனியார் சொத்தாகிவிடும் என்று அஞ்சிய காங்கிரசு அவை, 1927 பிப்ரவரியில் விரைந்து புதுச் சட்டம் கண்டது. அலை மக்களுடையது, ஒலிபரப்பாளர்க்கு உரிமம் மூன்றாண்டுக்கு மிகாது, உரிமம் பெறுவோர் அலை எனக்கே சொந்தம் என்ற உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டுக் கையெழுத்திட வேண்டும். 1934 இல் அதன் தொடர்ச்சியாகத் தகவல் தொடர்பு ஆணையம் பிறந்தது.

கொள்கை நன்று. நடைமுறை? அங்கேதான் பிரமதேயம் பின்வாசல் வழியே நுழைந்தது!

ஓர் அலைக்குப் பலர் போட்டியிட்டால், ஆணையம் அவர்களை அழைத்து விசாரிக்கும். யார் நல்லவர், யார் பொதுநலத்துக்கு ஏற்றவர் என்று ஒப்பிட்டுப் பார்த்து ஒருவருக்குக் கொடுக்கும். இலவசமாகத்தான்! அழகிப் போட்டி என்று பொருளியல் அறிஞர் இதற்குச் சூட்டிய பெயர் பொருத்தமானது. பொதுநலம் என்ற சொல்லுக்கு அளவுகோல் ஏது? அளவுகோல் இல்லாத இடத்தில் அறிமுகம் அளவுகோலாகிவிடும், செல்வாக்கு நடுவராகிவிடும். 1943 இல் டெக்சாசைச் சேர்ந்த அவை உறுப்பினர் லிண்டன் ஜான்சனின் துணைவியார் 17,500 டாலருக்கு ஆஸ்டின் நகர வானொலி நிலையமொன்றை வாங்கினார். ஆணையம் ஒப்புதல் தந்தது. அந்த நிலையம் பிற்காலத்தில் அக்குடும்பத்தின் பெருஞ்செல்வத்துக்கு வித்தாயிற்று. 1958 இலோ, மயாமி நகரத் தொலைக்காட்சி உரிமம் பற்றிய விசாரணையில், ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர், விண்ணப்பதாரர் பக்கம் நின்ற நண்பரிடம் பணம் பெற்றிருந்தது அம்பலமாகி, பதவி விலகினார். கொடுப்பவனுக்கு விலை இல்லை என்றால் கொடுக்க வைப்பவனுக்கு விலை உண்டு!

1951 இல் லியோ ஹெர்சல் என்ற சட்டக் கல்லூரி மாணவர், ஏலம் விட்டால் என்ன என்று எழுதினார். அவரை ஏளனம் செய்தனர். ஆனால் அந்த எண்ணத்தை ரொனால்ட் கோஸ் என்ற பொருளியல் அறிஞர் பற்றிக்கொண்டார். 1959 இல் அவர் எழுதிய கட்டுரையின் வாதம் எளிமையானது. அலை அரிதான பொருள், ஆகவே அரசே ஒதுக்கவேண்டும் என்கிறீர்கள். நிலம் அரிதல்லவா, உழைப்பு அரிதல்லவா? உலகில் அரிதல்லாத பொருள் எது? அவற்றையெல்லாம் விலை பகிர்ந்தளிக்கும்போது அலையை மட்டும் ஏன் அதிகாரியின் அருள் பகிர்ந்தளிக்க வேண்டும்? ஆணையத்தின் முன்பு அவர் இதைச் சொன்னபோது, உறுப்பினர் ஒருவர் கேட்ட முதற் கேள்வி, இது வேடிக்கைக்காகச் சொல்வதா என்பதுதான். அவருக்கு 1991 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏலமோ அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் காத்திருந்தது.

காத்திருந்த காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1980 களில் கைப்பேசி வந்தது. விண்ணப்பங்களை ஒப்பிட்டு முடிக்க முடியாமல் திணறிய ஆணையம், சீட்டுக் குலுக்கல் நடத்திற்று! ஆம் தோழர்களே, நிலவுக்கு மனிதனை அனுப்பிய நாடு, தன் வானத்தைக் குலுக்கிப் போட்டு வழங்கிற்று. நான்கு இலட்சத்துக்கு நெருக்கமான விண்ணப்பங்கள் குவிந்தன. விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்ட நிறுவனங்கள் தோன்றின. கேப் காட் பகுதியின் உரிமம் பல் மருத்துவர்கள் அடங்கிய ஒரு குழுவுக்கு விழுந்தது. அவர்கள் அதைத் தொலைபேசி நிறுவனமொன்றுக்கு 4 கோடி டாலருக்கு மேல் விற்றுவிட்டுப் பல் பிடுங்கப் போயினர். நம்மூர்ப் பழமைவாதிகள் உத்திரமேரூர்க் குடவோலையைக் காட்டிப் பெருமை பேசுவர். அங்கே குடத்தில் பெயர் விழவே கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், வேதப் பயிற்சியும் வேண்டும்; உழுதவன் பெயர் அந்தக் குடத்தைக் கண்டதே இல்லை. அமெரிக்கக் குடமோ, கைப்பேசிக் கோபுரம் எப்படியிருக்கும் என்று அறியாதவனுக்கும் திறந்திருந்தது. இரண்டிலும் அறிவுக்கு வேலை இல்லை.

1993 இல் காங்கிரசு அவை ஏலத்துக்கு அனுமதி தந்தது. 1994 சூலையில் நடந்த முதல் ஏலமே 61 கோடி டாலருக்கு மேல் ஈட்டிற்று. பல உரிமங்களை ஒரே நேரத்தில், சுற்றுச் சுற்றாக விலையேற்றும் முறையை வகுத்தவர்களில் பால் மில்கிராம், ராபர்ட் வில்சன் இருவரும் 2020 இல் நோபல் பரிசு பெற்றனர். எனினும் ஏலம் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நியூசிலாந்து 1990 இல் இரண்டாம் விலை ஏலம் நடத்திற்று: வென்றவர் தமக்கு அடுத்தவர் கேட்ட விலையைச் செலுத்தினால் போதும். ஒரு நிறுவனம் 1,00,000 டாலர் கேட்டது. செலுத்தியது 6 டாலர்! மாணவர் ஒருவர் ஒரு டாலர் கேட்டார், போட்டிக்கு எவருமில்லை, ஒன்றும் கொடாமலே தொலைக்காட்சி உரிமம் பெற்றார். மறுபக்கம், பிரிட்டன் 2000 இல் 150 சுற்றுகள் நடத்தி ஐந்து உரிமங்களுக்கு 2,250 கோடி பவுன் அளவுக்குப் பெற்றது. அமெரிக்காவிலோ 1996 இல் தவணை முறையில் வாங்கிய நெக்ஸ்ட்வேவ் நிறுவனம் கேட்ட விலையைக் கட்ட இயலாது 1998 இல் நொடித்துப்போய், அலை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் சிறைப்பட்டுக் கிடந்தது.

இந்தியா இந்தப் பாடங்கள் அத்தனையையும் மீண்டும் பணம் கட்டிப் படித்தது. அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் அறிவித்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகர்களுக்கு அதற்கு முந்திய ஆண்டே அழகிப் போட்டி முறையில் கைப்பேசி உரிமங்கள் தரப்பட்டிருந்தன. பிற வட்டாரங்களுக்கு ஏலம். கேட்டவர்கள் கேட்ட விலையைக் கட்ட இயலாமல் தவிக்க, 1999 இல் வருவாயில் பங்கு என்று முறையை மாற்றினர். 2008 சனவரியில் முதலில் வந்தோர்க்கு முதலில் என்ற பெயரில், 2001 இன் விலையிலேயே, அதாவது நாடு முழுவதற்கும் 1,658 கோடி ரூபாய்க்கு, உரிமங்கள் வழங்கப்பட்டன.

அப்போது துறையமைச்சர் நம் இயக்கத்தைச் சேர்ந்த ஆ. இராசா. அதனால் இதைப் பேசாமல் தாண்டிச் செல்வது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. கணக்குத் தணிக்கையாளர் 2010 இல் 1.76 இலட்சம் கோடி வரை இழப்பு என்று மதிப்பிட்டார். அது கருவூலத்திலிருந்து களவாடப்பட்ட தொகையன்று, பிற்கால விலைகளைக் கொண்டு கணித்த அனுமானம். அந்த வேறுபாட்டை மேடைகளில் எத்தனை பேர் சொன்னார்கள்? 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை இரத்துச் செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அதன் மீதான மேல்முறையீட்டை 2024 இல் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. குற்றம் உண்டா இல்லையா என்பது நீதிமன்றத்தின் பாடு. ஏழாண்டுப் பழைய விலையும், யார் முதலில் வந்தார் என்பதை அலுவலகக் கதவு முடிவு செய்யும் முறையும் தவறு என்பதற்குத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை. அமைச்சர் எக்கட்சியினர் என்ற கேள்வியும் தேவையில்லை.

அதே 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மற்றொன்றும் சொல்லிற்று: இயற்கை வளங்களுக்கு ஏலம் ஒன்றே வழி என்பது அரசியல் சட்டத்தின் கட்டளையன்று. இதைப் பலர் மறந்தனர். விலை உயர உயர நாட்டுக்கு நன்மை என்ற மயக்கம் தில்லியைப் பற்றிக்கொண்டது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் துளைத்து நெடுந்தொலைவு செல்வது. கோபுரங்கள் குறைவான சிற்றூர்களுக்கு ஏற்றது. 2016 இல் அதற்கு ஒரு மெகாஹெர்ட்சுக்கு 11,485 கோடி ரூபாய் என்று அடிப்படை விலை வைத்தனர். ஒருவரும் கேட்கவில்லை. 2021 இல் குறைத்தனர். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. 2022 இல் விலை 3,927 கோடிக்கு இறங்கியபோது ஒரே ஒரு தனியார் நிறுவனம் வாங்கிற்று. இடையிலிருந்த ஆறாண்டுகளும், சிற்றூர்ப் பிள்ளைகள் இணையம் தேடி மொட்டை மாடியிலும் மரக்கிளையிலும் ஏறி நின்ற கொரோனாக் காலம் உட்பட, அந்த அலை விற்பாரற்றுக் கிடந்தது.