மருத்துவர் அளித்த கோப்பை: ஸ்பெங்லர் போட்டியும் விலக்கலின் அரசியலும்

டாவோஸ் என்றதும் இன்று உலகப் பொருளாதார மன்றமே பலரின் நினைவுக்கு வரும். அம்மன்றத்தின் முதற்கூட்டம் 1971இல் நடைபெற்றது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1923ஆம் ஆண்டின் இறுதியில், சுவிட்சர்லாந்தின் அம்மலையூரில் வேறொரு பன்னாட்டுக் கூடுகை தொடங்கியிருந்தது. கழக அணிகள் மோதும் பனி ஹாக்கிப் போட்டியான ஸ்பெங்லர் கோப்பை, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் இன்றளவும் அங்கே நடைபெற்று வருகிறது.

கோப்பையை அளித்தவர் அரசரோ வணிகரோ அல்லர். கார்ல் ஸ்பெங்லர் என்னும் காசநோய் மருத்துவர். அவருடைய தந்தை அலெக்சாண்டர் ஸ்பெங்லர் 1848–49 ஜெர்மானியப் புரட்சியில் பங்கேற்று, நாட்டை விட்டு வெளியேறிச் சுவிட்சர்லாந்தில் புகலிடம் பெற்றவர். டாவோஸ் பள்ளத்தாக்கு மக்களிடையே காசநோய் அரிதாக இருப்பதைக் கவனித்து, மலைக்காற்று மருத்துவத்தை அங்கே நிலைநாட்டியவர் அவரே. ஆக, டாவோஸின் பன்னாட்டுப் புகழுக்கு வித்திட்டவர் ஓர் அரசியல் அகதி. அவருடைய மகன் ஏற்படுத்திய போட்டியும் விலக்கப்பட்டோரை முன்னிறுத்தியே பிறந்தது என்பது கருதத்தக்கது.

முதல் உலகப்போரில் தோற்ற நாடுகள் விளையாட்டு அரங்கிலிருந்தும் ஒதுக்கப்பட்டன. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிலும் 1924ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிகளிலும் ஜெர்மனிக்கு இடமில்லை. 1908இல் பாரிசில் தோன்றிய பன்னாட்டுப் பனி ஹாக்கிச் சம்மேளனமும் அந்நாட்டை நீக்கிவைத்து, 1926இல்தான் மீண்டும் சேர்த்துக்கொண்டது. இச்சூழலில், ஜெர்மன் மொழி வழங்கும் நிலப்பகுதி அணிகள் பிற நாட்டு அணிகளோடு ஆடுவதற்கு ஒரு களம் அமைக்கவே ஸ்பெங்லர் விரும்பினார். சம்மேளனம் அரசுகளை அளவுகோலாகக் கொண்டது. ஸ்பெங்லரோ மொழியை அளவுகோலாகக் கொண்டார். தேசிய அணிகளுக்கு மாறாகக் கழகங்கள் அழைக்கப்பட்டதால், அரசுகளுக்கிடையிலான பகையை ஓரளவேனும் ஒதுக்கிவைக்க முடிந்தது.

முதற்கோப்பையை வென்றது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அணி. கனடாவிலிருந்து வந்து பயின்ற மாணவர்களே அதில் மிகுதி. அடுத்த ஆண்டு, 1924இல், பெர்லினர் எஸ்.சி. வென்றது. சம்மேளனத்தின் கதவு திறப்பதற்கு ஈராண்டு முன்பே ஒரு ஜெர்மானியக் கழகம் பன்னாட்டுக் கோப்பையை ஏந்திவிட்டது. ஐந்தாண்டுகளுக்கு முன் போர்முனையில் எதிரெதிரே நின்ற நாடுகளின் இளைஞர்கள் ஒரே பனித்தளத்தில் ஆடினர் என்பதே இத்தொடக்க ஆண்டுகளின் வரலாற்றுப் பொருள்.

ஆயினும் நடுநிலைக் களத்தின் பாதுகாப்பு அக்களத்தோடு முடிந்துவிடுகிறது. இதற்கு பிராகா நகரின் எல்.டி.சி. கழகமே துயரமான சான்று. 1929 தொடங்கி ஏழு முறை கோப்பையை வென்ற கழகம் அது. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டு ஆட்சி ஏற்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் டாவோஸ் வந்த வீரர்களிடையே, திரும்பிச் செல்வதா, மேற்கிலேயே தங்கிவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. பெரும்பாலோர் திரும்பினர். 1949இல் செக்கோஸ்லோவாக்கியா உலகப் பட்டத்தை வென்றது. ஆனால் 1950 மார்ச்சில், லண்டன் உலகப் போட்டிக்குப் புறப்படவிருந்த தேசிய அணியின் வீரர்கள் கைதாயினர். பன்னிருவர் தண்டிக்கப்பட்டனர். எல்.டி.சி.யின் புகழ்பெற்ற இலக்குக் காவலர் போகுமில் மோத்ரி 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். யுரேனியச் சுரங்க முகாமில் உழைக்க நேர்ந்த அவர், விடுதலைக்குப் பின் 1963இல், 46ஆம் வயதில் மறைந்தார். டாவோஸில் எடுத்த முடிவின் விலை அத்தகையது.

1960களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் முற்பகுதி வரை பெரும்பாலான ஆண்டுகளில் கோப்பை கிழக்கு ஐரோப்பாவுக்கே சென்றது. டுக்லா யிக்லாவா, ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா, லெனின்கிராட், மாஸ்கோ அணிகள் கோலோச்சின. பனிப்போர்க் காலத்தில் சோவியத் கழகங்களை மேற்கு ஐரோப்பிய ரசிகர்கள் நேரில் கண்ட களங்களுள் டாவோஸும் ஒன்று. 1984இல் கனடா அணி இணைந்தது. ஐரோப்பியக் கழகங்களில் ஆடும் கனடியர்களைத் திரட்டி அமைத்த அவ்வணி முதல் ஆண்டிலேயே வென்றது. கழகங்களுக்கென அமைந்த போட்டிக்குள் ஒரு நாட்டின் பெயர் நிலையாக இடம்பெற்றது அப்போதுதான்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததையடுத்து, பன்னாட்டுச் சம்மேளனம் ரஷ்ய அணிகளையும் பெலாரஸ் அணிகளையும் விலக்கியது. அதன்பின் ஸ்பெங்லர் கோப்பையிலும் ரஷ்யக் கழகங்கள் ஆடவில்லை. விலக்கப்பட்டோருக்காகத் தொடங்கிய போட்டி, நூற்றாண்டை நெருங்கும் வேளையில், ஒரு விலக்கலை ஏற்று நடந்தது. இதை முரண்பாடு என்று மட்டும் சொல்வது எளிது. 1923இல் போர் முடிந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. 2022இல் போர் நடந்துகொண்டிருந்தது. தோற்றவரோடு ஆடுவதும் படையெடுத்து நிற்பவரோடு ஆடுவதும் ஒன்றல்ல என்று வாதிடலாம். அப்படியானால், போர் ஓய்ந்த பிறகு முதல் அழைப்பை அனுப்பப்போவது யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. அக்கேள்விக்கு ஒருமுறை விடை சொன்னவர் கார்ல் ஸ்பெங்லர்.